ப, ம, த, ந: மூன்று எழுத்தில் தட்டச்சு செய்பவருக்கு எந்த டைலிங் விண்டோ மேனேஜர்?

பங்குனி பிறந்தால் எங்கள் கடை மேசையில் கோவில் நோட்டீஸ் குவிந்துவிடும். யாங்கோனில் ஒரு திருவிழா நோட்டீஸ் என்றால் தலைப்பும் நிகழ்ச்சி நிரலும் தமிழில் இருக்கும். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காக அதே விவரம் பர்மியத்தில் வரும். உபயதாரர் பட்டியலில் கடைப் பெயர்கள் ஆங்கிலத்தில். ஒரே தாளில் மூன்று எழுத்து. அதை அடிக்கும்போது என் திரையில் நான்கு விண்டோ திறந்திருக்கும்: கையால் எழுதிக் கொடுத்த காகிதத்தின் போட்டோ, போன வருட நோட்டீஸ், எழுத்து மாற்றும் கருவி, நான் அடித்துக்கொண்டிருக்கும் கோப்பு.

எழுத்து மாற்றும் கருவி எதற்கு என்றால், இங்கே நெடுங்காலம் ஜோஜி என்ற எழுத்துருதான் ஆட்சி செய்தது. பர்மிய எழுத்துதான், ஆனால் யூனிகோடு முறைப்படி அமைந்ததல்ல. 2019 அக்டோபர் 1 அன்று நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது. வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்டிரைவ் மாறவில்லை. ஆகவே பழைய கோப்பை இடப்பக்கம் வைத்து, மாற்றியதை வலப்பக்கம் வைத்து, வரி வரியாகச் சரிபார்ப்பது தினசரி வேலை.

என் மடிக்கணினியின் திரை 1366×768. நினைவகம் 4 ஜிபி. பேட்டரிக்கு வயதாகிவிட்டது, கரண்டு போனால் இருபது நிமிடம் தாங்கினால் பெரிது. இந்தத் திரையில் நான்கு விண்டோவை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, ஒரு பெயர் பார்க்க ஆல்ட்+டேப், அடிக்க ஆல்ட்+டேப், இடையில் எது எங்கே போனது என்று மவுசால் துழாவல். பல வருடம் அப்படித்தான் ஓட்டினேன். அண்ணன் மகன் ஒருநாள் பின்னால் நின்று பார்த்துவிட்டு, “சித்தப்பா, டைலிங் போட்டுப் பாருங்கள், மவுசையே தொட வேண்டாம்” என்றான். சரி என்று இறங்கினேன். சில மாதங்களில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில் தேறியதை இங்கே எழுதுகிறேன்.

லினக்ஸ் கணினியில் விண்டோக்களைத் திரையில் அடுக்கி வைக்கும் நிரலுக்கு விண்டோ மேனேஜர் என்று பெயர். அதில் டைலிங் என்பது தரையில் ஓடு பதிப்பது போலத்தான். புதிதாகத் திறக்கும் விண்டோ பழையதை மறைக்காது. இருக்கிற இடத்தை அண்ணன் தம்பி பாகம் பிரிப்பது மாதிரி பிரித்துக்கொள்ளும். இடம் மாற்ற, அளவு மாற்ற, தாவ, மூட எல்லாவற்றுக்கும் குறுக்குவிசை. எது அழகு, எது வேகம் என்று சண்டை போடுகிறவர்கள் போடட்டும். எனக்கு வேறு கேள்வி இருந்தது. தமிழ் அடிக்கும் கையை இந்தக் குறுக்குவிசைகள் தொந்தரவு செய்கின்றனவா, இல்லையா? ஆங்கிலம் மட்டும் அடிப்பவருக்கு இந்தக் கேள்வியே எழாது. எனக்கு முடிவைத் தீர்மானித்தது இது ஒன்றுதான்.

மாறாமலே இருப்பது

முதலில் ஒன்றும் மாறாமல் இருக்கும் வழியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலருக்கு அதுவே போதும். எக்ஸ்எஃப்சிஇ போன்ற எளிய டெஸ்க்டாப்பிலேயே விண்டோவைப் பாதித் திரைக்கு, கால் திரைக்கு ஒட்டவைக்கும் வசதி இருக்கிறது. அமைப்பில் போய் சூப்பர் விசையோடு (விண்டோஸ் படம் போட்ட விசை) அம்புக்குறிகளைச் சேர்த்துவிட்டால், இடது பாதி, வலது பாதி எல்லாம் கையடக்கம். இரண்டு கோப்பை ஒப்பிடுவதுதான் உங்கள் வேலை என்றால் இதோடு நின்றுவிடுங்கள். கற்க ஒன்றும் இல்லை, வீட்டில் மற்றவர்கள் வந்து உட்கார்ந்தாலும் திணற மாட்டார்கள்.

இந்தக் கடைசி விஷயத்தை நான் லேசாக எடுத்துக்கொண்டு பட்டேன். டைலிங் போட்ட இரண்டாம் வாரம் நான் வெளியே போயிருந்தபோது மனைவி என் மடிக்கணினியைத் திறந்திருக்கிறாள். கறுப்புத் திரை, கீழே ஒரு மெல்லிய பட்டை, வேறு ஒன்றும் இல்லை. மெனு இல்லை, ஐகான் இல்லை. எதையோ அழுத்தியிருக்கிறாள், ஒன்றும் ஆகவில்லை. கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று போன் வந்தது. கடையின் முன்மேசையில் எல்லோரும் தொடும் கணினியில் இன்றுவரை எக்ஸ்எஃப்சிஇதான். அங்கே டைலிங் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஐ3

மைக்கேல் ஸ்டாப்பல்பெர்க் 2009இல் தொடங்கிய ஐ3 என்ற டைலிங் மேனேஜர்தான் பெரும்பாலானவர்கள் முதலில் பிடிக்கும் கதவு. அதற்கு நியாயமும் உண்டு. அமைப்பு முழுக்க ஒரே ஒரு உரைக்கோப்பில் இருக்கிறது, படித்தால் புரிகிறது. இறக்கும் அளவும் சிறியது. நெட் வரும்போது இறக்கி வைத்துக்கொள்கிற ஊரில் இது சின்ன விஷயமல்ல.

முதல்முறை திறந்ததும் எந்த விசையை முதன்மை விசையாக வைக்க வேண்டும் என்று கேட்கும், சூப்பரா ஆல்ட்டா என்று. ஆல்ட் என்று சொல்லிவிடாதீர்கள். பெருவிரலுக்கு ஆல்ட் சௌகரியம்தான். ஆனால் ஆவணம் அடிக்கும் லிப்ரெஓபிஸில் ஆல்ட்+எஃப் அழுத்தினால் ஃபைல் மெனு வராது, விண்டோ முழுத்திரைக்கு விரிந்துவிடும். ஆல்ட்+வி அழுத்தினால் வியூ மெனுவுக்குப் பதில் அடுத்த விண்டோ கீழே திறக்கும்படி ஐ3 தயாராகும். விண்டோ மேனேஜர் பிடித்துக்கொண்ட விசை, உள்ளே ஓடும் நிரலின் காதுக்கே போகாது. சூப்பர் விசையை எந்த நிரலும் பெரிதாகக் கேட்பதில்லை, அதை ஐ3க்குத் தாரை வார்த்துவிடலாம்.

இனி என்னை ஐ3 பக்கம் சாய்த்த சங்கதி. விண்டோவுக்கு விண்டோ தாவ, ஐ3 இயல்பாகத் தருவது ஜே, கே, எல், அரைப்புள்ளி ஆகிய நான்கு விசைகள்: இடம், கீழ், மேல், வலம். வலக்கையின் நான்கு விரலும் எங்கே ஓய்வாக இருக்குமோ அங்கேயே இவை இருக்கின்றன. தமிழ்99 விசைப்பலகை தெரிந்தவர்கள் ஒருமுறை அந்த விசைகளை நினைத்துப் பாருங்கள். ஜே என்பது ப. கே என்பது ம. எல் என்பது த. அரைப்புள்ளி என்பது ந. சூப்பர்+ப இடப்பக்கம், சூப்பர்+ம கீழே, சூப்பர்+த மேலே, சூப்பர்+ந வலப்பக்கம். தமிழ்99இல் உயிர் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. இடக்கை சூப்பரைப் பிடிக்க, வலக்கை மெய்யெழுத்து வரிசையிலேயே நடமாடுகிறது. ஆங்கில எழுத்தாக மனப்பாடம் செய்தபோது ஒரு வாரம் தடுமாறினேன். ‘பமதந’ என்று சொல்லிப் பார்த்த அன்றே கை பழகிவிட்டது. முழுத்திரைக்கு எஃப், அதாவது புள்ளி. நிரல் திறக்க டி, அதாவது உ. எழுதத் தொடங்குமுன் பிள்ளையார் சுழி போடுவதுபோல் எதைத் திறந்தாலும் முதலில் உ. இது தற்செயல்தான் என்று தெரியும், இருந்தாலும் பிடித்துப்போய்விட்டது.

இதே பொருத்தத்தில் ஒரு வில்லங்கமும் ஒளிந்திருக்கிறது. ஐ3யில் சூப்பர்+ஆர் அழுத்தினால் அளவு மாற்றும் நிலைக்குப் போகும். அந்த நிலையில் ஜே, கே, எல், அரைப்புள்ளி ஆகியவற்றைத் தனியாகவே அழுத்தி விண்டோவைப் பெருக்கலாம், சுருக்கலாம். முடிந்ததும் என்டரோ எஸ்கேப்போ அழுத்தி வெளியே வர வேண்டும். ஒருநாள் வெளியே வர மறந்துவிட்டு உபயதாரர் பட்டியல் அடிக்க ஆரம்பித்தேன். ‘மதுமதி’ என்று அடித்தேன். திரையில் ‘உஇ’ என்று வந்தது, விண்டோ கொஞ்சம் உயரம் கூடிக் குறைந்தது. ம, த இரண்டையும் ஐ3 விழுங்கிவிட்டு, உயிரை மட்டும் உள்ளே அனுப்பியிருக்கிறது. கீழ்ப்பட்டையில் எந்த நிலையில் இருக்கிறோம் என்று எழுதிக் காட்டத்தான் செய்கிறது. காகிதத்தைப் பார்த்து அடிப்பவன் கீழ்ப்பட்டையை எங்கே பார்க்கிறான்? அந்த நிலையில் எழுத்து விசைகளை எடுத்துவிட்டு அம்புக்குறிகளை மட்டும் விட்டுவைத்தேன். அதன்பின் எழுத்து எதுவும் தொலையவில்லை.

சின்னத் திரையில் ஐ3யின் பெரிய தொல்லை, அது நாம் சொன்னதை மட்டும் செய்யும். எப்படிப் பிரிக்க வேண்டும் என்று நாம் முன்கூட்டியே சொல்லாவிட்டால் எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக அடுக்கும். 1366ஐ மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு 455 புள்ளி. அதில் நோட்டீஸின் ஒரு வரிகூடக் கொள்ளாது. இதற்கு மருந்து டேப் அமைப்பு: சூப்பர்+டபிள்யூ. விண்டோக்கள் தலைப்புகளாக மேலே வரிசையில் நிற்க, ஒன்று மட்டும் முழுதாகத் தெரியும். நான் இடது பாதியில் அடிக்கும் கோப்பையும், வலது பாதியில் போட்டோ, பழைய நோட்டீஸ், எழுத்து மாற்றி மூன்றையும் டேப்பாகவும் வைக்கிறேன். ப, ந இரண்டு விசையிலேயே முக்கால்வாசி வேலை முடிந்துவிடுகிறது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். பணிப்பரப்புகள் (ஒரே கணினியில் தனித்தனித் திரைகள் மாதிரி) சூப்பர்+1 முதல் சூப்பர்+0 வரை. கணக்கு நான்கில் இருக்கிறது. “சயா, ஐநூறு தாள் அடித்தால் எவ்வளவு?” என்று யாராவது வாசலில் கேட்டால் சூப்பர்+4. கால்குலேட்டரை ஸ்கிராட்ச்பேடில் போட்டு வைத்திருக்கிறேன், சூப்பர்+மைனஸ் அழுத்தினால் எந்தப் பரப்பிலிருந்தாலும் மேலே மிதந்து வரும், மறுபடி அழுத்தினால் போய்விடும். எந்த நிரல் எந்தப் பரப்பில் திறக்க வேண்டும் என்று கோப்பில் ஒருமுறை எழுதிவிட்டால், கரண்டு போய் பேட்டரியும் செத்து மறுபடி எழுப்பும்போது எல்லாம் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அடுக்கைக் கோப்பாகச் சேமிக்க ஐ3-சேவ்-ட்ரீ என்று ஒன்று உண்டு. அது தரும் கோப்பைக் கையால் திருத்தினால்தான் வேலை செய்யும். எனக்குப் பொறுமை இல்லை.

மொழி மாற்றும் விசை

எந்த விண்டோ மேனேஜர் எடுத்தாலும் மூன்று எழுத்துக்காரர் இந்த இடத்தில் வந்து முட்டுவார் என்பதால் இதைத் தனியாகவே சொல்கிறேன்.

எழுத்து மாற்ற இரண்டு பாதை. ஒன்று, எந்த விசைக்கு எந்த எழுத்து என்று சொல்லும் விசைப்பலகை வரைபடத்தையே மாற்றுவது. மற்றொன்று, வரைபடம் ஆங்கிலமாகவே இருக்க, மேலே ஐபஸ் போன்ற உள்ளீட்டுக் கருவி எழுத்தை மாற்றித் தருவது. நான் முதலில் போனது முதல் பாதை. செட்எக்ஸ்கேபிமேப் என்ற கட்டளையை வைத்து ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, ஆங்கில வரைபடத்தை எடுத்துவிட்டு தமிழ் வரைபடத்தை வைக்கச் செய்தேன். தமிழ் நன்றாக விழுந்தது. திரும்பி வர சூப்பரோடு ஓர் எழுத்தை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஐ3யின் கோப்பில் ‘ஜே’ என்று எழுதியிருக்கிறது, இப்போதுள்ள வரைபடத்தில் ஜே என்ற எழுத்தே கிடையாது. எழுத்தைச் சார்ந்த குறுக்குவிசை அத்தனையும் ஒரே அடியில் போய்விட்டது.

சூப்பர்+என்டர் மட்டும் வேலை செய்தது, என்டர் எல்லா மொழியிலும் என்டர்தானே. கட்டளை அடிக்கும் டெர்மினல் திறந்தது. ஆங்கிலத்துக்கு மாற்றும் கட்டளையை அடித்தால் தமிழ் எழுத்தாகக் கொட்டுகிறது. பூட்டுக்குள்ளேயே சாவியை வைத்துப் பூட்டியாயிற்று. கடைசியில் மேல் அம்புக்குறியை அழுத்திக்கொண்டே போய், என்றைக்கோ அடித்த பழைய கட்டளையைப் பிடித்து என்டர் தட்டி மீண்டேன். ஐ3யில் எழுத்து விசைகளோடு சூப்பர்+அம்புக்குறியும் இயல்பாகவே தாவ உதவும். அந்த வரிகளை அழிக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

வரைபடத்தை மாற்றித்தான் ஆக வேண்டும் என்பவர்களுக்கு வழி உண்டு. எழுத்தின் பெயரைச் சொல்லாமல் விசையின் இட எண்ணைச் சொல்லிக் கட்டலாம். ப, ம, த, ந இருக்கும் நான்கு விசைகளுக்கு எக்ஸ்11இல் (லினக்ஸில் திரையையும் விசைகளையும் கவனிக்கும் பழைய அடித்தளம்) எண் 44, 45, 46, 47. அடிக்கடி மொழி மாற்றுபவர்கள் எண்ணையும், மாற்றாதவர்கள் எழுத்தையும் பயன்படுத்துங்கள் என்றுதான் ஐ3யின் கையேடும் சொல்கிறது. குறை என்னவென்றால் ஆறு மாதம் கழித்துக் கோப்பைத் திறந்தால் 46 எது, 41 எது என்று உங்களுக்கே தெரியாது.

நான் இரண்டாவது பாதைக்கு மாறிவிட்டேன். ஐபஸில் எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, பர்மிய விசைப்பலகை இரண்டும் கிடைக்கின்றன. அடியில் வரைபடம் எப்போதும் ஆங்கிலம், எனவே எந்த மொழியில் அடித்துக்கொண்டிருந்தாலும் குறுக்குவிசைகள் அப்படியே இருக்கும். ஐ3 முதலில் எடுத்துக்கொண்டு மிஞ்சியதுதான் ஐபஸுக்குப் போகிறது.

அங்கேயும் ஒரு மோதல் உண்டு. மொழி மாற்ற ஐபஸ் இயல்பாக வைத்திருப்பது சூப்பர்+ஸ்பேஸ். ஐ3யில் அதே விசை, மிதக்கும் விண்டோவுக்கும் பதித்த விண்டோவுக்கும் இடையே தாவுவதற்கு. முதலில் எழுந்த ஐ3 அதைப் பிடித்துக்கொள்ளும், மொழி மாறாது. கண்ட்ரோல்+ஸ்பேஸ் என்று மாற்றினேன். அடுத்த நாள் கணக்குத் தாளில் அதை அழுத்தி முழு நெடுவரிசையையும் தேர்வு செய்யப் பார்த்தால் எழுத்து பர்மியமாகிவிட்டது, கால்க் நிரலில் நெடுவரிசையைத் தேர்வு செய்யும் விசையும் அதுவே.

மூன்று மொழியைச் சுற்றிச் சுற்றி மாற்றும் ஒற்றை விசையே தப்பு என்று அப்போதுதான் உறைத்தது. இரண்டு மொழி என்றால் அது சுவிட்ச், ஒரு தட்டில் மாறும். மூன்று என்றால் இப்போது எதில் நிற்கிறோம் என்று பார்த்து, ஒன்றா இரண்டா என எண்ணித் தட்ட வேண்டும். ஐபஸுக்கு இன்ன எழுத்து என்று நேரடியாகச் சொல்ல ஒரு கட்டளை இருக்கிறது. அதை ஐ3யின் கோப்பில் மூன்று வரியாக எழுதினேன்: சூப்பர்+எஃப்1 ஆங்கிலம், சூப்பர்+எஃப்2 தமிழ், சூப்பர்+எஃப்3 பர்மியம். முன்பு எதில் இருந்தேன் என்ற கவலை இல்லை. உபயதாரர் பட்டியலில் “திரு.” தமிழில், பெயர் தமிழில், கடை ஆங்கிலத்தில், தெரு பர்மியத்தில் என்று ஒரே வரிக்குள் எழுத்து மாறி மாறி வரும்போது இதன் அருமை தெரியும். இத்தனை மாத ஆராய்ச்சியில் மிச்சப்பட்ட நேரத்தில் பாதி இந்த மூன்று வரியால்தான்.

ஸ்வே

ட்ரூ டிவால்ட் 2015இல் தொடங்கி, 2019 மார்ச்சில் 1.0 வெளியான ஸ்வே, எக்ஸ்11க்குப் பதிலாக வந்த வேலேண்டில் ஓடும் ஐ3. ஐ3யின் கோப்பைத் தூக்கிக் கொண்டுபோய் வைத்தால் பெரும்பாலும் அப்படியே ஓடும். எங்கள் விஷயத்தில் ஸ்வே ஐ3யை விட ஒருபடி புத்திசாலி: எழுத்தாக எழுதிய குறுக்குவிசையை, ‘டு-கோட்’ என்ற ஒரு குறிப்பு சேர்த்தால், முதல் வரைபடத்தைப் பார்த்து இட எண்ணாகத் தானே மாற்றிக்கொள்ளும். கோப்பும் படிக்கும்படி இருக்கும், மொழி மாறினாலும் விசை சாகாது. இந்த ஒரு வசதி ஐ3யில் இருந்திருந்தால் 44, 45 என்று நான் எண்ணிக்கொண்டிருந்திருக்க மாட்டேன்.

தாவும் விசைகள் இதில் ஹெச், ஜே, கே, எல், அதாவது க, ப, ம, த. விஐ எடிட்டர் பழகியவர்களுக்கு இது தாய்வீடு. எனக்கு ஆட்காட்டி விரலை ‘க’வுக்கு நீட்ட வேண்டியிருந்தது. மாற்றிக்கொள்ளலாம், ஒரு நிமிட வேலை.

என்னைத் தடுத்தது வேறு. ஸ்வேயில் ஐபஸ் எனக்கு ஒத்துழைக்கவில்லை, எஃப்சிஐடிஎக்ஸ்5 என்ற இன்னொரு உள்ளீட்டுக் கருவிக்கு மாறிய பிறகுதான் தமிழ் ஒழுங்காக விழுந்தது. எக்ஸ்11ஐ நம்பி நான் வைத்திருந்த சில்லறை ஸ்கிரிப்ட்கள் ஓடவில்லை. அண்ணன் மகனின் கணினியில் என்விடியா கார்டு, அதன் சொந்த டிரைவரோடு. ஆதரவில்லை என்று ஒப்புக்கொள்ளும் குறிப்பைக் கொடுக்காமல் ஸ்வே அதில் கிளம்பவே மறுக்கிறது. இன்டெல் கிராஃபிக்ஸ் உள்ள கணினியில் புதிதாகத் தொடங்குபவர், பழைய ஸ்கிரிப்ட் சுமை இல்லாதவர் என்றால் நேராக ஸ்வேக்கே போகலாம். ஐ3யில் கற்று அப்புறம் மாற வேண்டிய அவசியமில்லை.

டிடபிள்யூஎம்

2006இலிருந்து இருக்கிறது. மூலநிரல் 2,000 வரியைத் தாண்டக்கூடாது என்பது அதைச் செய்தவர்களின் கொள்கை. தனியாக அமைப்புக் கோப்பு கிடையாது. குறுக்குவிசை மாற்ற வேண்டுமா, மூலநிரலைத் திருத்தி மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். கேட்கும்போது பயமாக இருக்கும், செய்தால் சில விநாடிதான்.

உண்மையைச் சொன்னால் என் வேலைக்கு டிடபிள்யூஎம்மின் அடுக்குமுறைதான் பொருத்தம். இடப்பக்கம் ஒரு பெரிய விண்டோ, வலப்பக்கம் மற்றவை மேலிருந்து கீழாக அடுக்கு. எப்படிப் பிரிக்கட்டும் என்று கேட்காது, தானே அடுக்கும். வலப்பக்கம் இருக்கும் ஒன்றைப் பெரிய இடத்துக்குக் கொண்டுவர முதன்மை விசை+என்டர். ஐ3யில் நான் கையால் கட்டிய அமைப்பு இங்கே பிறவியிலேயே இருக்கிறது.

பிறகு ஏன் விட்டேன்? ஐ3யில் ஒரு விண்டோவை மூட சூப்பர்+ஷிஃப்ட்+க்யூ. டிடபிள்யூஎம்மில் முதன்மை விசை+ஷிஃப்ட்+க்யூ என்றால் டிடபிள்யூஎம்மையே மூடு என்று பொருள். கேள்வி கேட்காது. ஐ3 பழகிய கையோடு போய், பழைய நோட்டீஸ் விண்டோ ஒன்றை மூடுவதாக நினைத்து மூன்று விசையையும் சேர்த்துத் தட்டினேன். திரை அணைந்து, லாகின் பக்கம் வந்து நின்றது. நாற்பது உபயதாரர் பெயர்களோடு சேமிக்காத கோப்பு. லிப்ரெஓபிஸ் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக வைத்துக்கொள்ளும் மீட்புப் பிரதியால் முப்பதுக்கு மேல் திரும்பக் கிடைத்தன. மீதியை மறுபடி அடித்தேன். டிடபிள்யூஎம்மைக் குறை சொல்ல முடியாது, அதன் கையேட்டில் தெளிவாக எழுதியிருக்கிறது. ஆனால் நேராக டிடபிள்யூஎம்முக்கே போகிறவர்களும் முதல் வேலையாக அந்த விசையை மாற்றிவிட்டு அப்புறம் மற்றதைப் பாருங்கள். இரண்டையும் மாறி மாறிப் பயன்படுத்த மட்டும் நினைக்காதீர்கள்.

மற்றவை

ஆசம் என்பது லுவா மொழியில் அமைக்கும் மேனேஜர். அதில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று: சூப்பர்+எஸ் அழுத்தினால் எல்லாக் குறுக்குவிசையும் பட்டியலாகத் திரையில் வரும். ஐ3 பழகிய முதல் மாதம் நான் ஒரு காகிதத்தை மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைத்திருந்தேன், அது ஆசத்தில் வேண்டாம். லுவா எழுத மனமிருப்பவர்கள் பார்க்கலாம். ஹைப்பர்லேண்ட் என்ற இன்னொரு மேனேஜரின் அசைவுகளும் வளைந்த மூலைகளும் பார்க்க அழகு. 4 ஜிபி கணினிக்குப் பட்டுப்புடவை எதற்கு என்று விட்டுவிட்டேன்.

கேடிஇ பிளாஸ்மா என்ற டெஸ்க்டாப்பின் 5.27 பதிப்பு 2023 பிப்ரவரியில் வந்தது. அதில் சூப்பர்+டி அழுத்தினால் திரையை நம் விருப்பப்படி கட்டங்களாகப் பிரித்து வைக்கலாம். பிறகு ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு விண்டோவை மவுசால் இழுத்து விட்டால் கட்டத்தில் போய்ப் பொருந்திக்கொள்ளும். இது முழு டைலிங் இல்லை, பாதிக் கிணறுதான். ஆனால் மவுசு இல்லாமல் முடியாத வேலை செய்பவருக்குப் பாதிக் கிணறே போதும்.

அண்ணன் மகன் அந்த ரகம். அவன் செய்வது வடிவமைப்பு, இங்க்ஸ்கேப்பும் கிம்ப்பும்தான் நாள் முழுக்க. படம் வரைபவனுக்கு ஒரே விண்டோ முழுத்திரையில் வேண்டும், கை எப்படியும் மவுசில்தான் இருக்கும். பக்க வடிவமைப்பு நிரலான ஸ்கிரைபஸின் மிதக்கும் பெட்டிகளை ஐ3க்குள் அடக்க இரண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டு, டைலிங்கை எனக்கு அறிமுகப்படுத்திய ஆளே கேடிஇக்குத் திரும்பிவிட்டான்.

இப்போது கடையில் மூன்று கணினி, மூன்று விதம். முன்மேசையில் எக்ஸ்எஃப்சிஇ, அவனிடம் கேடிஇ, என்னிடம் ஐ3. என்னுடையதில் சூப்பர்+ஷிஃப்ட்+க்யூவைப் பழையபடியே விட்டுவைத்திருக்கிறேன், அது விண்டோவைப் பணிவாகத்தான் மூடச் சொல்லும், சேமிக்கவா என்று லிப்ரெஓபிஸ் கேட்டுவிட்டே போகும்.

போன வாரம் அவன் மேசைக்குப் போனபோது அவனுடைய கீபோர்டில் எஃப்1, எஃப்2, எஃப்3 மூன்றின் மேலும் சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஒன்றில் ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்து, அடுத்ததில் ‘அ’, மூன்றாவதில் பர்மிய எழுத்து வரிசையின் முதல் வட்டம். “இது மட்டும் எடுத்துக்கொண்டேன் சித்தப்பா” என்றான்.